ஜீப்பா, ஜிப்சியா? – ஜவ்வாது மலை வழியில் ஒரு பழைய வழக்கு

ஜவ்வாது மலையைக் குறுக்காகக் கடந்து பார்ப்பது என்று முடிவு செய்தபோது, எங்களுக்குள் எழுந்த முதல் பூசல் நடுகற்களைப் பற்றியதும் அன்று, கல்திட்டைகளைப் பற்றியதும் அன்று. எதில் ஏறிப் போவது என்பதைப் பற்றியது. ஆலங்காயத்தில் தொடங்கி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் சேர்ந்து, இடையிடையே வண்டித்தடங்களில் ஒதுங்கிப் பழைய கற்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் போளூர்ப் பக்கம் இறங்குவது திட்டம். நண்பர் ஒருவரிடம் பழைய மகிந்திரா ஜீப் இருந்தது, எம்.எம். 540, டீசல். இன்னொருவரிடம் மாருதி ஜிப்சி, பெட்ரோல். இரண்டுமே நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள். இரண்டுமே இப்போது விற்பனைக்கு வருவதில்லை. ஆகவே இரண்டின் உடைமையாளர்களும் அவற்றின் மீது, போனவர்கள் மீது வைக்கும் பற்றைப் போன்ற ஒன்றை வைத்திருந்தார்கள்.

பூசல் இரண்டு வாரம் நீடித்தது. சங்கப் பாடல்களின் காலத்தைப் பற்றிக்கூட எங்களுக்குள் இவ்வளவு காரம் வந்ததில்லை. முடிவில், இவ்விரு வண்டிகளும் எப்படி இந்த மலையடிவாரம் வரை வந்து சேர்ந்தன என்று தேடத் தொடங்கினோம். அந்தத் தேடலே இக்கட்டுரை. இயந்திரங்களைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். பயண வழிகாட்டுதலைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. அந்த வகையின் உச்சங்களுள் ஒன்று இந்த மலையைச் சுற்றியே பாடப்பட்டிருக்கிறது.

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடிகளில், செங்கண்மாத்து வேள் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. செங்கண்மா என்பது ஜவ்வாதின் தென்னடிவாரத்தில் உள்ள இன்றைய செங்கம். நன்னனின் நவிரமலையைப் பர்வதமலை என்று அடையாளம் காண்பர். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாதில் பிறந்து ஓடும் செய்யாறு. நன்னனின் புகழைவிட எங்களை ஈர்த்தவை பெருங்கௌசிகனார் தரும் எச்சரிக்கைகள். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதீர்கள். பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்து நடங்கள். பரண்மேல் இருப்பவர் விலங்குகளை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் படாமல் மரங்களில் ஒதுங்கிச் செல்லுங்கள். வழுக்கும் இடங்களில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் குகையில் தங்கிவிடுங்கள். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோருக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார். வழியோரத்து நடுகற்களையும் அவர் மறக்கவில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை நாகசாமியின் பதிப்பில் 1972ஆம் ஆண்டு நூலாக்கியபோது, அந்தப் பாட்டின் நிலக்காட்சிக்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது எனலாம்.

கூத்தர்களுக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. கால் ஒன்றே வழி. நமக்கு வந்த தொல்லையின் தொடக்கம் 1940ஆம் ஆண்டில் இருக்கிறது.

அந்த ஆண்டு கோடையில் அமெரிக்கப் படை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஒரு சிறு வேவு வண்டியை உருவாக்கித் தருமாறு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது சுமார் 590 கிலோவுக்குள் இருக்கவேண்டும். மாதிரி வண்டி 49 நாளில் வேண்டும். எடையும் நாளும் நடக்கக்கூடியவையாக எவருக்கும் தோன்றவில்லை போலும்; முன்வந்தவை பான்டம், வில்லிஸ் என்ற இரண்டே நிறுவனங்கள். இரண்டுமே நொடித்த நிலையில் இருந்தவை. பான்டம் நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வந்தது. அவர் சில நாளில் வரைபடத்தை முடித்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடியச் சற்று நேரமே இருந்தபோது, வண்டி படை முகாமின் வாசலில் நின்றது. அதன் எடை கேட்டதைவிட மிக அதிகம். அதைச் சோதித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஆனால் வண்டியை முதலில் செய்தவருக்கு அதன் பலன் கிட்டவில்லை. படை அந்த வரைபடங்களை வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. மூன்று வண்டிகள் களத்துக்கு வந்தன. வில்லிசின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் உருவாக்கிய எஞ்சினின் ஆற்றல் 60 குதிரைத்திறன். பான்டமும் ஃபோர்டும் அதற்கு வெகுவாகப் பின்தங்கின. ஃபோர்டின் மாதிரியில் இருந்தது தன் உழவு டிராக்டரின் எஞ்சினைத் திருத்திப் பொருத்தியது. டிராக்டர் எஞ்சின் தோற்றது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும். 1941இல் வில்லிசின் வண்டியே தேர்வாயிற்று; ஃபோர்டு அதே அமைப்பில் தானும் செய்து தந்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 6.4 லட்சம் ஜீப்புகளைச் செய்துவிட்டன. ஜீப்பைப் பெற்றெடுத்த பான்டத்துக்கு, ஜீப்பின் பின்னால் இழுத்துச்செல்லும் பெட்டிவண்டி செய்யும் வேலை கிடைத்தது.

நமது நாட்டின் ஜீப் வரலாறும் ஒரு வழக்கோடு தொடங்குகிறது. 1948இல் காசுமீரப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், உரிய நடைமுறையைத் தாண்டி, ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய்க்குப் படைக்கான ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் ஓடும் நிலையில் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்று இன்றும் பேசப்படும் இதை, 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் பந்த் முடிந்ததாக அறிவித்தார். மலைநாட்டுக்கு ஏற்ற வண்டி எது என்பதைவிட, எங்கே உடனே கிடைக்கும் என்பதே அன்றைய கேள்வியாக இருந்தது. அந்தப் பழக்கம் பின்னரும் விட்டுப்போகவில்லை.

மகிந்திராவின் கதை தெரிந்ததே. 1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் எஃகு வணிகத்துக்காகத் தொடங்கிய மகிந்திரா – முகம்மது நிறுவனத்தின் பங்காளியான குலாம் முகம்மது, பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அந்நாட்டின் தலைமை ஆளுநராகவும் ஆனார். இங்கே நிறுவனம் 1948இல் மகிந்திரா – மகிந்திரா என்று பெயர் மாறியது. போர்க்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றிய கே.சி. மகிந்திராவுக்கு பார்னி ரூசைத் தெரியும். அந்தத் தொடர்பின் வழியே 1947இல் முதல் 75 வில்லிஸ் ஜீப்புகள் உதிரிகளாக வந்தன. 1949 முதல் பம்பாய் மசகானில் அவை பூட்டப்பட்டன. 1954 முதல் பாகங்களையும் இங்கேயே செய்யும் முயற்சி தொடங்கியது.

அந்த ஆண்டுக்குச் சற்று முன்னர்தான் வேறொன்று நடந்தது. 1953இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமின்றி உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்றது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மலையேறும் வண்டியில் இருக்கக்கூடிய போட்டியும் அத்தோடு முடிந்தது. ஏனெனில், அன்று உலகில் ஜீப்புக்கு உண்மையான மாற்று ஒன்று இருந்தது: லேண்ட் ரோவர்.

லேண்ட் ரோவரும் ஜீப்பின் வயிற்றில் பிறந்ததே. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் போரில் கழிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடையாகவே புதிய வண்டி உருவாயிற்று. முதல் மாதிரியை ஜீப்பின் சட்டகத்தின் மீதே கட்டினார்கள். எஃகுக்குப் பங்கீடு இருந்த காலம் ஆதலால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியிட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். நெடுந்தரைவழிப் பயணம் என்றதும் உலகம் லேண்ட் ரோவரை நினைக்கத் தொடங்கியதில் அப்பயணத்துக்கும் பங்குண்டு.

இலங்கையில் மலையகத் தோட்டங்களின் வண்டி லேண்ட் ரோவர். ஜவ்வாதின் வண்டி ஜீப். இரண்டும் தமிழர் நடமாடும் மலைகள்; செங்குத்தும் மழையும் சேறும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு மலையில் இல்லை. தன் சந்தையை அடைத்து ஒருவனுக்கு உரிமம் தந்த நாடு ஒன்று. இங்கிலாந்திலிருந்து இறக்கிக்கொண்ட நாடு மற்றொன்று. இந்தியாவிலேயே, டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூவுக்கு ஏறும் கற்பாதையில், தேயிலைத் துரைமார் விட்டுச்சென்ற பழைய லேண்ட் ரோவர்களைப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். புதிய உதிரி கிடைக்காதபோது அந்தச் சிற்றூரின் மெக்கானிக்குகளே வேறு வண்டிகளின் உறுப்புகளைத் திருத்திப் பொருத்தினார்கள், எஞ்சினையே மாற்றினார்கள். ஒரு வண்டியின் ஆயுளை அதைச் செய்த தொழிற்சாலை முடிவு செய்வதில்லை, அருகிலிருக்கும் பட்டறை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாங்கள் அறியோம்.

நமது மாவட்டங்களில் ஜீப் முதலில் அரசின் முகமாகவே வந்தது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால் ஜீப், ஜீப் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் என்றாயிற்று. வனத்துறை, காவல்துறை, மலேரியா ஒழிப்பு, தேர்தல் என்று எது மலையேறினாலும் ஜீப்பில் ஏறியது. ஜவ்வாது போன்ற சந்தன மலையில் ஜீப்பின் சத்தத்துக்கு வேறு பொருளும் உண்டு. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில், கீழேயிருந்து வரும் உறுமலைக் கேட்டதும் யார், எதற்கு என்று யோசித்த தலைமுறைகள் இருந்திருக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்லும் மக்கள் அவர்கள். அந்த முன்னோரும் நடந்தே ஏறியவர்கள்.

1960களின் பிற்பகுதியில் விண்மீன் பார்ப்பவர்களும் வந்தார்கள். கொடைக்கானலின் மேகமூட்டத்துக்கு மாற்றாக வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் காவலூர். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனசின் வளையங்களை 1977 மார்ச் 10 அன்று பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதன் ஆடி மட்டும் மூன்றரை டன். அப்படிப்பட்ட பொருள் ஏற வேண்டுமானால் சாலை வேண்டும், சாலை இருந்தது. அதே ஜவ்வாதில் இன்னும் சாலை காணாத ஊர்களைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜீப் அரசின் வண்டியாக இருந்த நிலை மாறி மக்களின் வண்டியானது டீசல் வந்த பிறகே. மகிந்திரா குழுமம் 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டர் செய்யத் தொடங்கியிருந்தது; பி-275 என்ற அந்த டிராக்டரை வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தினார்கள். அமெரிக்காவில் 1941இல் ஃபோர்டைத் தோற்கடித்த அதே யோசனை, இங்கே வென்றது. வேகம் இல்லை, நடுக்கம் உண்டு, ஓட்டுநரின் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஆனால் போளூரிலோ திருப்பத்தூரிலோ ஆலங்காயத்திலோ, டிராக்டர் பார்க்கும் எந்தப் பட்டறையிலும் அதைப் பிரித்து மாட்டினார்கள். 1980களில் பிரெஞ்சு பெஜோ நிறுவனத்தின் 2,112 சி.சி., 62 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் வந்தது. எங்கள் நண்பரின் எம்.எம். 540இல் இருப்பது அது. அடிப்படையில் மாறாதவை சட்டகமும், பட்டை ஸ்பிரிங்குகளும், முன்னும் பின்னும் ஒரே இரும்பு அச்சும்; பார்னி ரூஸ் திரும்பி வந்து பார்த்தால் அடையாளம் கண்டிருப்பார்.

ஜிப்சியின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. 1960களின் இறுதியில் ஜப்பானில் ஹோப் என்ற சிறு நிறுவனம், குறைந்த வரிக்கு உட்பட்ட குட்டி வண்டிகளின் அளவுக்குள் ஒரு நான்கு சக்கர இழுவை வண்டியைச் செய்து பார்த்தது. விற்பனை ஆகவில்லை. சுசுகி அதன் உரிமையை வாங்கி, 1970இல் 359 சி.சி. எஞ்சினோடு எல்.ஜே. 10 என்ற வண்டியை வெளியிட்டது. நீளம் மூன்று மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதிக்காக, உதிரிச் சக்கரத்தைப் பின்புறம் தொங்கவிடாமல் உள்ளே வைத்தார்கள். அதனால் நான்காவது ஆளுக்கு இடம் போயிற்று. இப்படிச் சட்டத்தின் இடுக்கில் நுழைந்து வளர்ந்த குடும்பத்தின் பின்வந்த வண்டியான எஸ்.ஜே. 410ஐ நீட்டி, 1985இல் மாருதி இங்கே ஜிப்சி என்று இறக்கியது. 970 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 45 குதிரைத்திறன். 1996இல் 1,298 சி.சி. எஞ்சினோடு ஜிப்சி கிங். எடை ஒரு டன்னை ஒட்டியது. சேற்றில் ஜீப் புதையும் இடத்தில் ஜிப்சி மிதக்கும் என்பார்கள், அதில் உண்மை உண்டு.

இந்தியப் படை இரண்டுக்கும் நடுவே வேறொரு வண்டியையும் முயன்றது. 1965இல் நிசானிடம் உரிமம் பெற்று ஜபல்பூர்த் தொழிற்சாலையில் செய்த ஜோங்கா அது. ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பேராற்றல், பெரும்பசி. 1999இல் அதன் உற்பத்தி நின்றது. 1990களிலிருந்து படை ஆயிரக்கணக்கில் வாங்கியது ஜிப்சியை. பனி மலைக்கு அதன் பெட்ரோல் எஞ்சின் குளிரில் எளிதாகக் கிளம்பியது பெரிய வசதி. புலிகள் காப்பகங்களில் அதன் குறைந்த ஓசையும் வசதி. ஆனால் ஜவ்வாதில் உறைபனியும் இல்லை, புலி பார்க்க வரும் கூட்டமும் இல்லை. இங்கே தேவைப்பட்டது சாமையும் புளியும் பலாவும் சந்தைக்கு இறங்க, உப்பும் உரமும் மேலே ஏற, அவற்றின் மீது இருபது பேர் உட்கார ஒரு வண்டி. டீசல் மலிவாக இருந்தவரை ஜிப்சிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. பொது விற்பனைக்கான ஜிப்சி 2019இல் நின்றது.

எங்கள் பூசலில் ஜிப்சிக் கட்சி இவ்விடத்தில் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டது. ஜீப் வென்றது என்றால், ஜவ்வாதில் இப்போது எங்கே ஜீப்? உண்மைதான். இன்று மலையூர்களுக்கு ஆள் ஏற்றுவதில் பெரும்பங்கு சரக்கு ஏற்றும் சிறு வேன்களுக்கு. பின் இரு சக்கரம் மட்டுமே இழுப்பவை, ஜீப்பைவிட மலிவானவை, கூடுதலாக ஏற்றக்கூடியவை. சாலை கொஞ்சம் சீரானதும் நான்கு சக்கர இழுவைக்குச் செலவு செய்ய யாருக்கும் மனமில்லை. சாலையோ பாதிதான் சீரானது. 2022 ஏப்ரல் 2 அன்று திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு அருகே புலியூரிலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச்சென்ற வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆட்கள் ஏன் ஏறினார்கள் என்று கீழே இருப்பவர்கள் கேட்டார்கள். வேறு எதில் ஏறுவது என்று அவர்கள் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மே மாத இறுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில், வீட்டின் முன் உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது, பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து ஊர் சேர்ந்தார். படம் நாளேடுகளில் வந்தது. பாம்பு கிடக்கும் குழியைப் பார்த்து நடக்கச் சொன்ன பாட்டை மேலே குறிப்பிட்டோம். அதே மலைத்தொடர்.

இந்தச் செய்தியை எங்களில் ஒருவர் பூசலுக்கு நடுவே நினைவூட்டியபோது, வண்டிகளின் தரை இடைவெளியையும் திருப்பு விசையையும் பற்றிய பேச்சு சற்று நின்றது. பிறகு தொடர்ந்தது, மனித இயல்பு அது.

இறுதியில் தீர்ப்பு எட்டப்படவில்லை. இரண்டு வண்டிகளும் வந்தன. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரையிலும், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் வரையிலும் தார்ச்சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் மூச்சு வாங்க, ஜிப்சி முன்னே போய்க் காத்திருந்தது. ஒரு சாதாரண காரே எங்கள் இருவரையும் முந்திச் சென்றதையும் மறைக்காமல் எழுதவேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி நெம்புகோலைத் தள்ளிய இடங்கள் மொத்தம் இரண்டு. ஓர் ஓடையில் ஜிப்சி எளிதாகக் கரையேறியது. மழையில் அரித்த ஒரு மேட்டில் ஜீப், தன் தாழ்ந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், நிற்காமல் ஏறியது. இரு கட்சிகளும் தத்தம் கருத்து மெய்ப்பிக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டன. கல்திட்டைகளுக்குச் செல்லும் கடைசித் தொலைவை எப்படியும் நடந்துதான் கடந்தோம். அங்கே வண்டித்தடம் இல்லை.

மாலையில் ஜமுனாமரத்தூர் தேநீர்க் கடை முன்னால் இரண்டு வண்டிகளும் நின்றபோது, உள்ளே தள்ளி ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து சந்தைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அவற்றைச் சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார். எது நல்ல வண்டி என்று நாங்கள்தான் அவரிடம் கேட்டோம். அவர் விலையைக் கேட்கவில்லை, மைலேஜைக் கேட்கவில்லை.

"ஏன் சாமி, இதுல எதுல ஒரு கட்டிலப் படுக்கையா வெக்கலாம்?" என்று கேட்டார்.

எதற்கு என்று எங்களுக்குச் சட்டென விளங்கவில்லை. அவர் ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு ஆறு கிலோமீட்டர். பேறுகால வலி வந்தாலும், கடி பட்டாலும், கட்டிலைக் கழியில் கட்டி நான்கு பேர் டோலியாகத் தூக்கி வருகிறார்கள். வருகிற வண்டி கட்டிலோடு ஏற்றிக்கொண்டால், நோயாளியைப் புரட்டி மாற்ற வேண்டியிருக்காது. இரண்டு வாரம் நாங்கள் போட்ட பட்டியல்களில் இந்த அளவு எதிலும் இல்லை.

கடைக்காரர் தன் பெஞ்சைக் கொண்டுவந்தார். கட்டிலின் நீளம் ஏறக்குறைய அதுதான் என்றார் பெரியவர். ஜிப்சியில் வைத்துப் பார்த்தோம். பின்கதவைத் திறந்தே விட்டாலும் பாதி வெளியே நின்றது. ஜீப்பில் பக்க இருக்கைகளின் மேலே குறுக்காக ஏற்றி, முன் இருக்கையின் முதுகைச் சாய்த்தபோது, ஒரு முழம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அந்த ஒரு முழத்தைக் கையால் அளந்து பார்த்தார். கால் பக்கம்தான் வெளியே இருக்கும், கயிறு போட்டுக் கட்டினால் போதும் என்றார். பிறகு போளூர்ப் பேருந்து வந்து திரும்பியது. அவர் தன் ஊர்ப் பக்கம் போகும் வேனைத் தேடிக்கொண்டு நடந்தார்.